பனை விதைப்பும் ஓலைக் கைவினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, ஊர் இளைஞர் மன்றம், குடியிருப்போர் சங்கம் என்று பலரும் இப்போது மரத்துக்கு விழா எடுக்கிறார்கள். ஒரே நாளில் நூறு வகைக் கன்றுகளை நட்டு, அடுத்த வாரமே மறந்துவிடுவதைவிட ஒரே மரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் விதை, ஓலை, மட்டை, பூ, காய் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் அதற்குப் பனையைவிடப் பொருத்தமான மரம் இல்லை. விழா நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

விழாவை எந்த மாதத்தில் வைக்க வேண்டும்?

விதைப்புக்கு ஆவணி கடைசி முதல் ஐப்பசி வரை. பனம்பழம் பழுத்து விழுவதும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதும் அதை ஒட்டித்தான். மழைக்கு முன்னால் மண்ணுக்குள் போன விதைக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5 அன்று பனை விதைக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த மாதத்தில் மரத்தில் நுங்கு இருக்கும், விதை இருக்காது. போன வருடத்துக் கொட்டையைத் தேடி எடுத்துப் போட்டால் பெரும்பாலும் முளைக்காது.

கைவினைக்கு வருடம் முழுவதும் வாய்ப்பு உண்டு: சித்திரை, வைகாசியில் நுங்கு வண்டி, கார்த்திகையில் மாவளி என்கிற தீப்பொறிச் சக்கரமும் ஓலைக் கொழுக்கட்டையும், கோடையில் ஓலை காயவைப்பும் முடைதலும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடக்கப் பார்க்காதீர்கள்.

நல்ல விதையை எப்படி அடையாளம் காண்பது?

தானாகப் பழுத்து விழுந்த பழம் மட்டும். மரத்திலிருந்து வெட்டி இறக்கிய முற்றாத காயின் கொட்டைக்குள் முளை உருவாகியிருக்காது. நன்றாகக் காய்க்கிற, பெரிய பழம் தருகிற மரங்களாக ஊரில் பத்துப் பதினைந்தைக் குறித்துக்கொண்டு, அவற்றின் அடியில் பொறுக்குங்கள். ஒரே மரத்தடியில் மொத்தத்தையும் அள்ளாதீர்கள். வேறு வேறு தாய்மரத்து விதை கலந்திருப்பது நல்லது.

ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டைகள் இருக்கும். பழத்தைச் சில நாள் நிழலில் குவித்து வைத்தால் சதை இளகிவிடும். பிறகு பிய்த்தெடுத்துக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். ஒட்டியிருக்கிற நாரைச் சுரண்டத் தேவையில்லை. அடுத்து ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவை உள்ளே சூம்பியவை, அவற்றைக் கழித்துவிடலாம். வண்டு துளைத்த கொட்டையையும் ஒதுக்குங்கள். சேகரித்த ஒரு மாதத்துக்குள் விதைத்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்தால் புழுங்கும். குவியலாகவே கிடந்தால் அங்கேயே முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முளை வந்துவிட்ட கொட்டையை நடலாம், ஆனால் முளை நுனி ஒடிந்தால் அது வீண்.

குழி எவ்வளவு ஆழம்? எவ்வளவு இடைவெளி?

ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி மண்ணை இளக்கி, அதே மண்ணைப் பாதிக்கு மேல் திரும்பத் தள்ளிவிட்டு, அதன்மேல் கொட்டையை வைத்து, நான்கு விரற்கடை மண் மூடினால் போதும். தோண்டுவது கொட்டையைப் புதைக்க அல்ல, கீழே இறங்கப்போகிற முளைக்கு வழிவிட. கடப்பாரையால் சின்னப் பொத்தல் போட்டுக் கொட்டையைத் திணித்துவிட்டுப் போவதுதான் அதிகம் நடக்கிற தவறு. இறுகிய கரையில் முளை இறங்க முடியாமல் வளைந்து நின்றுவிடும்.

கொட்டையில் முளை வருகிற கண் பக்கம் மேலா கீழா என்று ஊருக்கு ஊர் சண்டை உண்டு. படுக்கப் போடுங்கள், முளை தானே கீழே திரும்பும்.

மரத்துக்கு மரம் 10 அடி. ஒரு குழிக்கு இரண்டு கொட்டை, அரை அடி தள்ளி. ஒரு கிலோமீட்டர் கரைக்கு ஏறக்குறைய 330 குழி, 660 விதை என்று கணக்கு வரும். இரண்டும் முளைத்தால் மூன்றாம் வருடம் வலுவானதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

எங்கெல்லாம் விதைக்கக் கூடாது?

மின்கம்பிக்குக் கீழே, சாலையை ஒட்டிய ஒடுக்கமான ஓரத்தில், வீட்டுச் சுவர் அருகில், மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிற குளத்தின் உட்பகுதியில். வளர்ந்த பனை வெள்ளத்தைத் தாங்கும்; இரண்டு இலை விட்ட பிள்ளை தாங்காது. ஏரிக்கரை என்றால் மேல்பரப்பின் நடுவில் வேண்டாம், அது மாட்டுக்கும் டிராக்டருக்கும் வழி. கரையின் வெளிச்சரிவில், மேலிருந்து இரண்டு மூன்றடி இறங்கிய இடம் சரி. மேய்ச்சல் புல்வெளியையும் பனங்காடாக மாற்றக் கிளம்ப வேண்டாம். அந்தப் புல்லை நம்பி ஆடு மாடுகள் இருக்கின்றன. ஏரிக்கரை நீர்வளத்துறையிடமோ ஊராட்சியிடமோ இருக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நட்டு ஆறு மாதம் ஆகியும் மேலே ஒன்றும் வரவில்லை. விதை செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பனை முளைக்கும் விதமே வேறு. விதையிலிருந்து வருகிற முதல் முளை மேல்நோக்கி வராது. வெண்மையான குழல் போல நேரே மண்ணுக்குள் இறங்கும், ஓர் அடிக்கு மேலும் போகும். அந்தக் குழலின் நுனியில்தான் கருவே இருக்கிறது. ஆழத்தில் ஈரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே உணவைச் சேர்த்துத் தடிக்கிறது. நாம் தை மாதத்தில் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு இதுதான். கிழங்கு முற்றிய பிறகே அதன் உள்ளிருந்து முதல் இலை மேலேறி, மடித்த கத்தி போல மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். மழையையும் மண்ணையும் பொறுத்து இதற்குப் பல மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு குழியில் மேல் மண்ணை மெல்ல விலக்கிக் கொட்டையை மட்டும் பாருங்கள். அடியில் குழல் இறங்கியிருந்தால் உயிர் இருக்கிறது. பிடுங்கிப் பார்க்காதீர்கள். கொட்டையை வெட்டி உள்ளே இருக்கிற பூரானை, அதாவது பஞ்சு போன்ற பருப்பைத் தின்றுவிட்டு மறுபடியும் நட்டு வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். முளை இறங்கும் காலத்தில் அதுதான் அதற்கு உணவு. வெட்டினால் அதோடு சரி.

கிழங்கு எடுத்தால் மரம் வருமா?

வராது. கிழங்குதான் கன்று. தின்பதற்குத் தனியாக மணல் மேட்டுப் பாத்தி போடுங்கள். இரண்டடி உயரத்துக்கு மணல் கலந்த மண்ணைக் கூட்டி, கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி மூடினால் ஐப்பசியில் போட்டது பொங்கலுக்குக் கிழங்காகிவிடும். விழாவுக்கு வந்த பிள்ளைகளைத் திரும்ப வரவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கரையில் நட்டதைத் தோண்டாமல் இருக்கவும் இந்தப் பாத்தி உதவும்.

நர்சரியில் கன்று வாங்கி நடலாமா?

முடிந்தவரை வேண்டாம். கிழங்கு ஆழத்தில் உருவாகும் மரம் இது. சின்னப் பையில் வளர்த்த கன்றின் கிழங்கு பையின் அடியில் முட்டி வளைந்திருக்கும், அல்லது பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் போயிருக்கும்; தூக்கும்போது அறுந்துவிடும். இரண்டடி உயரப் பையிலோ, அடி வெட்டிய குழாயிலோ வளர்த்தது என்றால் பார்க்கலாம். நேரடி விதைப்புக்குச் செலவும் குறைவு, பிழைப்பதும் அதிகம்.

ஆண் பனையா பெண் பனையா என்று விதையிலேயே தெரியுமா?

தெரியாது. பூ வரும்வரை தெரியாது, அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடமோ மேலுமோ ஆகும். நுங்கு வேண்டுமென்றால் பெண் மரம் வேண்டும். பதநீர் இரண்டிலும் இறங்கும்.

போட்ட விதையெல்லாம் ஏன் மரமாவதில்லை?

“இரண்டு லட்சம் விதை நட்டோம்” என்ற பதாகையைப் பார்த்தால் மூன்றாம் வருடம் எத்தனை நின்றது என்று கேளுங்கள். பனையைக் கொல்வது வறட்சி அல்ல. முதல் எதிரி தூர்வார வருகிற ஜேசிபி. கரையைச் சீராக்குகிறேன் என்று மேல் மண்ணை வழித்துத் தள்ளும்போது மூன்று இலைப் பனம்பிள்ளை ஓட்டுநர் கண்ணில் புல்லாகத்தான் தெரியும். இரண்டாவது தீ. மாசி, பங்குனியில் கரையின் காய்ந்த புல்லுக்கு யாராவது நெருப்பு வைத்துவிடுவார்கள். வளர்ந்த வடலி (இளம் பனை) கருகினாலும் துளிர்த்துவிடும்; முதல் வருடக் கன்று தப்புவது அரிது. அடுத்தது கிழங்குக்காகத் தோண்டுகிறவர்களும் காட்டுப்பன்றியும். மாடு இளம் இலையைக் கடிப்பதால் பெரிய நட்டமில்லை, வளரும் நுனி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பத்துக் குழிக்கும் ஒரு கல் ஊன்றி வெள்ளை அடியுங்கள். விதைத்த நீளத்தை ஊராட்சிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். தூர்வாரும் வேலை வருகிறதென்று தெரிந்தால் அன்று காலை ஒருவர் கரையில் நிற்க வேண்டும். தை மாதம் குழியைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லைச் செதுக்கிவிட்டால் தீ அண்டாது.

ஓலை வெட்டினால் மரத்துக்குக் கேடு இல்லையா?

அளவோடு வெட்டினால் இல்லை. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, உச்சியில் இருக்கிறது. அதைத் தொட்டால் மரம் போய்விடும். கிளை கிடையாது, அடிமரத்தில் விழுந்த காயமும் ஆறாது. வயிரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி, வெளியே இருப்பதால் தொல்காப்பியம் இதைப் புல் வகையில் சேர்க்கிறது. தண்டு பருத்துக் காயத்தை மூடுகிற வேலை இதனிடம் நடக்காது. எனவே பலகை அறைவது, ஆணி அடிப்பது எதுவும் கூடாது.

கைவினைக்கு வேண்டியது குருத்தோலை, அதாவது விரியாமல் விசிறி மடிப்பாக நிற்கிற வெளிர்மஞ்சள் ஓலை. ஏற வேண்டியதில்லை, ஆள் உயர வடலியிலேயே கிடைக்கும். நன்றாக வெளியே வந்துவிட்ட ஒரு குருத்தை மட்டும் வெட்டுங்கள். அதை ஒட்டி உள்ளே எட்டிப் பார்க்கிற அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரு வடலியில் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். மட்டையின் இரு ஓரத்திலும் இருக்கிற கருக்கு ரம்பம் போல அறுக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் அதைச் சீவிவிட வேண்டும்.

வெட்டிய ஓலையை எப்படிப் பதப்படுத்துவது?

அன்றே மடிப்பைப் பிரித்து வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போடுங்கள், புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது. காய்ந்ததும் ஒவ்வொரு இதழாகப் பிரித்து நடுவில் இருக்கும் ஈர்க்கை உருவுங்கள். ஈர்க்கைத் தூக்கி எறிய வேண்டாம், விளிம்பு கட்ட அது வேண்டும். பிறகு ஒரே அகலத்தில் வகிர வேண்டும். பலகையில் இரண்டு பிளேடுகளை வேண்டிய இடைவெளியில் பதித்து, ஓலையை அதன் நடுவே இழுத்தால் அகலம் மாறாது. கத்திரியால் வெட்டினால் நுனி குறுகும். குறுகிய ஓலையில் முடைந்த பெட்டி கோணலாகத்தான் வரும்.

முடையும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஓலை மடிப்பில் பிளக்கும். அளவுக்கு மேல் ஊறிய ஓலையில் வேறு சிக்கல்: முடையும்போது இறுக்கமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கிக் கண் கண்ணாக இடைவெளி விழும்.

சிறு பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கற்றுத்தருவது?

காற்றாடி. இரண்டு செ.மீ அகலம், 30 செ.மீ நீளத்தில் நான்கு ஓலை. ஒவ்வொன்றையும் பாதியாக மடியுங்கள். முதல் ஓலையின் இரு வாலும் இரண்டாவதின் மடிப்புக்குள் படுக்க வேண்டும். இரண்டாவதின் வால்கள் மூன்றாவதின் மடிப்புக்குள், மூன்றாவதினுடையவை நான்காவதின் மடிப்புக்குள், நான்காவதினுடையவை திரும்ப முதலாவதின் மடிப்புக்குள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் நடுவில் சதுர முடிச்சு இறுகும், நாலு பக்கமும் இரட்டை வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இரட்டையிலும் ஒன்றை முடிச்சோடு ஒட்ட நறுக்கிவிட்டு, மிச்சமுள்ள நாலு இறக்கையையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்குங்கள். நடுவில் உடைமுள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருகினால் ஓடும். சுற்றவில்லை என்றால் காரணம் இரண்டே: ஓர் இறக்கை எதிர்ப்பக்கம் முறுகியிருக்கிறது, அல்லது முள் துளையில் இறுகிக்கொண்டிருக்கிறது.

நுங்குக் காலமென்றால் வண்டி. நுங்கு தின்ற இரண்டு கூட்டை எடுத்து, இருமுனையும் சீவிய ஓர் அடிக் குச்சியை அச்சாகக் குத்தி, கவைக்குச்சியால் தள்ள வேண்டும். இரண்டு கூடும் ஒரே பருமனில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக வளைந்து வளைந்து போகும். அதற்கும் பந்தயம் வைக்கலாம்.

பெரியவர்கள் முடைய, அதிகம் கடினமில்லாத ஒரு கொட்டான் (சிறு ஓலைக்கூடை)?

ஒரு செ.மீ அகலம், 45 செ.மீ நீளத்தில் 24 ஓலைகள். 12 ஓலையைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, மற்ற 12-ஐ ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகக் குறுக்கே கோத்து, நடுவில் 12 செ.மீ சதுரம் வரவையுங்கள். நாலு மூலையிலும் துணி கிளிப் போடுங்கள்.

மூலை எங்கே வரும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சதுரத்தின் மூலை கொட்டானின் மூலை அல்ல. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில், 6-ஆவது ஓலைக்கும் 7-ஆவதுக்கும் இடையில்தான் கொட்டானின் மூலை. அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே இழுத்தால் பக்கம் தானாக எழும்பும். நாலு பக்கமும் இப்படி எழுப்பியதும் ஓலைகள் எல்லாம் சாய்வாக, இடமும் வலமுமாகப் போவதைப் பார்ப்பீர்கள். சுற்றிச் சுற்றி முடைந்துகொண்டே போங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் வாய் சாய்ந்துவிடும். எட்டரை செ.மீ அளவில் அடியும் ஏழு செ.மீ உயரமும் வந்ததும், மிச்ச நுனிகளை மடித்து உட்புறக் கண்ணிகளில் செருகுங்கள். வாயைச் சுற்றி இரண்டு ஈர்க்கு வைத்து மட்டை நாரால் கட்டினால் பல வருடம் உழைக்கும்.

தேர்ந்த கைகளின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டானையும் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பெண்களின் ஓலைப் பொருட்களையும் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் இந்தக் கைவேலை பெரிது. இலங்கையில் பனைக்கென்றே பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பயிற்சியாளராக முடைகிற பெண் ஒருவரை வரவழைத்து நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். பொன்னாடையும் சான்றிதழும் கூலி ஆகாது.

சாயம் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கிறது, ஏன்?

பச்சை ஓலையைப் போட்டிருப்பீர்கள், அல்லது ஊறவைக்காமல் போட்டிருப்பீர்கள். குருத்தோலை மட்டும்தான் நிறத்தைச் சீராகப் பிடிக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஓலைச் சாயமும் ஒரு கரண்டி உப்பும் கரைத்து, ஊறிய ஓலையை முழுதும் மூழ்கும்படி போட்டு, அரை மணி நேரம் சிறு தீயில் புரட்டுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் போன்ற இயற்கை நிறங்கள் அழகுதான், வெயிலில் வெளுத்துவிடும். தின்பண்டம் வைக்கும் பெட்டிக்குச் சாயமே வேண்டாம்.

பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கிறது.

முழுதும் காயாமல் எடுத்து வைத்ததுதான் காரணம். ஈரத் துணியால் துடைத்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் போகும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். வார்னிஷ் அடித்தால் ஓலை மொடமொடத்து மடிப்பில் ஒடியும்.

மாவளி செய்வது எப்படி?

கார்த்திகைத் தீபத்தன்று பிள்ளைகள் சுழற்றுகிற தீப்பொறிச் சக்கரம் மாவளி. கோயில்களில் சொக்கப்பனை கொளுத்துகிற அதே நாள்.

ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைச் சேகரித்துக் குழியில் போட்டு எரியுங்கள். சுடர் அடங்கித் தணலாகச் சிவந்ததும் ஈர மண் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். மறுநாள் திறந்தால் கரி கிடைக்கும். மூடத் தாமதித்தால் வெறும் சாம்பல்தான், அதில் பொறி வராது. கரியை உரலில் இடித்துச் சலித்து, பருத்தித் துணியில் இரண்டு விரல் பருமனுக்கு ஒரு சாண் நீளப் பொட்டலமாக இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுங்கள். பாலியஸ்டர் கூடாது, உருகி ஒட்டும். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் பொட்டலத்தை வைத்து இரு முனையும் கட்டி, மூன்றடிக் கயிறு இணையுங்கள். மேலே தணல் வைத்துக் கனிந்ததும் மெதுவாகச் சுழற்றத் தொடங்கினால் பொன் பொறி வட்டமாகச் சிதறும். பொறியே வராவிட்டால் கரி ஈரம். கட்டி கட்டியாக விழுந்தால் சலித்தது போதவில்லை.

கூரை, வைக்கோற்போர் இல்லாத திறந்த வெளி, பருத்தி உடை, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், சுழற்றுகிறவரிடமிருந்து இருபதடி தள்ளிக் கூட்டம். சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

அன்றைக்குச் சாப்பிட?

ஓலைக் கொழுக்கட்டை. தெற்கு மாவட்டங்களில் கார்த்திகைக்கு இதுதான். இரண்டு டம்ளர் வறுத்த அரிசிமாவு, ஒரு டம்ளர் பொடித்த கருப்பட்டி, அரை டம்ளர் தேங்காய்த் துருவல், முக்கால் பதம் வெந்த சிறுபயறு ஒரு கைப்பிடி, சுக்கு, ஏலம். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். குருத்தோலை மடிப்புக்குள் மாவை அடைத்து ஓலை நாராலேயே கட்டி, இட்லிப் பானையில் இருபத்தைந்து நிமிடம் அவிக்கவும். மாவு தளர்ந்தால் ஓலையிலிருந்து பிரியாது, பிசுபிசுக்கும்.

எங்கள் தெருவில் நிற்கிற பழைய பனையை வெட்டப்போகிறார்கள். தடுக்க முடியுமா?

1978 முதல் பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அனுமதி இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், மரத்தைப் படம் எடுத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் போனால் இன்னும் நல்லது. ரம்பம் வந்து நின்ற பிறகு மனு எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது.